நான் தூங்குவதை யார் பார்த்தது?

எனக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று அறுபத்தேழு வயது வரைக்கும் பெருமை பேசிக்கொண்டு திரிந்தவள் நான். கோயிலில் மற்ற பெண்கள் "நேத்து ராத்திரி கண்ணே மூடல" என்று புலம்பும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். நான் உட்கார்ந்த இடத்தில் தூங்குவேன். பூசையில் பிரசங்கம் தொடங்கினால் தூங்குவேன். டிவி முன்னால் தூங்குவேன். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஊசி எடுக்கத் திரும்பிய நேரத்தில்கூட ஒரு தடவை தூங்கிவிட்டேன். இது ஆண்டவர் கொடுத்த வரம் என்றே நினைத்தேன். வரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, இது வியாதி என்று தெரிந்துகொள்ள, நான் ஓட்டின காடியோடு சாலையோர லோங்காங்கில் இறங்க வேண்டியதாயிற்று. என்னைப் போல இன்னும் எத்தனை பேர் பெருமை பேசிக்கொண்டிருக்கிறீர்களோ, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஆக்னஸ். பிறந்தது கரங்கான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பால் வாளி தூக்க மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, இருபத்து மூன்று வயதில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனேன். முப்பத்து மூன்று வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகத்தைவிடச் சின்னச் சில்லில் கம்பி விட்டுப்போயிருக்கிறதா, கோணிப்போயிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிப்டு மாறி மாறி வரும். தூங்கக் கிடைத்த நேரத்தில் தூங்கிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த நாள் கண் சொருகி ஒரு பெட்டிச் சரக்கு பாழாகும். தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினதும் தூங்கி, இறங்கும் இடத்தில் சரியாக விழித்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் மகள் ஜெசிந்தாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், வேண்டுமென்றே எதிர் எதிர் ஷிப்டு கேட்டு வாங்கினோம். அவர் வந்தால் நான் போவேன், நான் வந்தால் அவர் போவார். வாசலில் பிள்ளையைக் கைமாற்றிக் கொள்வோம். வீட்டில் இருந்தது ஒரு கட்டில், அது எப்போதும் சூடாகவே இருக்கும், ஆனால் அதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படுத்த இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓய்வு பெற்ற பிறகும் மனுஷர் வீட்டில் இருக்க முடியாமல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரவு ஜாகா வேலைக்குப் போனார். காவல் கூண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அது நடந்து நாலு வருடம் ஆகிறது. ஜெசி ஜொகூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். பாக்கார் ஆராங்கில், நாங்கள் ரெண்டு பேரும் ஷிப்டு செய்து கட்டி முடித்த வரிசை வீட்டில், நான் மட்டும் இருக்கிறேன்.

அன்றைக்குக் காலையில் பசாரில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சந்தியில் விளக்கு சிவப்பாக இருந்தது, காடியை நிறுத்தினேன். அதுவரைதான் ஞாபகம். கால் பிரேக்கிலிருந்து நழுவி, காடி தானாக உருண்டு, சந்தியைக் கடந்து, எதிர்ப்பக்கத்து லோங்காங்கில், அதாவது ஆள் ஆழத்துக்கு இருக்கும் சாலையோரக் கால்வாயில், மூக்கைக் குத்தி நின்றது. கண் விழித்தபோது என் மடியெல்லாம் மீன். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது, விலா எலும்பு இரண்டில் விரிசல். என்னைத் தூக்கிய மலாய்க்காரப் பையன் சொன்னான், எனக்கு முன்னால் நின்றிருந்த மோட்டார் சைக்கிளில் ஒரு தாயும் பிள்ளையும் இருந்தார்கள், நான் உருளுவதற்குக் கொஞ்சம் முன்புதான் இடது பக்கம் திரும்பிப் போனார்களாம். அந்தத் தாயின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. ஆனால் இன்றைக்கும் சிவப்பு விளக்கைக் கண்டால் அவர்களைத்தான் தேடுகிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நீல நாற்காலிகள். "வாரிஸ் யாரு?" என்று கேட்டார்கள், அதாவது நெருங்கின சொந்தம். மகள் என்றேன். எங்கே என்றார்கள். ஜொகூர் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பெண் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். சாயங்காலம் பெண்கள் வார்டில் ஒரு கட்டில் கிடைத்தது. பார்வையாளர் நேரத்தில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஜே ஜே என்று கூட்டம். பக்கத்துக் கட்டிலில் பாலிங்கிலிருந்து வந்த ஒரு மலாய் அம்மா, அவரைப் பார்க்க மட்டும் ஒன்பது பேர். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்தேன். தூங்கத்தான் முடியவில்லை. மல்லாந்தால் விலா குத்துகிறது, சாய்ந்தால் கை விண்விண் என்கிறது. மூன்று இரவும் தலையணைகளை அடுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தே கழித்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் எனக்குப் பக்கத்து வீட்டு ஜமால் பாயின் நினைப்பு வந்தது. நல்ல நினைப்பு இல்லை. கோபமான நினைப்பு.

அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது விளங்காது. ஜமால் பாய் எழுபது தாண்டினவர். டவுனில் இருபத்து நாலு மணி நேரச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார், முப்பது வருடமாக இரவு முழுக்க கல்லாவில் உட்கார்ந்தவர். போன வருடத்திலிருந்துதான் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். அவர் மனைவி மும்தாஜ் எனக்கு நல்ல பழக்கம், நோன்புக் கஞ்சி தூக்குச்சட்டியில் வரும், கிறிஸ்துமஸ் கேக் இங்கிருந்து போகும். மும்தாஜும் போன வருடம் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சில மாதம் கழித்துத்தான் அந்தத் தட்டல் தொடங்கியது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் கனத்தில் ஒரே சுவர். என் படுக்கையறைக் கட்டில் அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. நடு இரவில் டொக் டொக் டொக் என்று சுவரில் தட்டுகிற சத்தம். விழித்துக்கொள்வேன், சத்தம் நின்றுவிடும். மறுபடி கண்ணயர்ந்தால், விடியற்காலையில் மறுபடி டொக் டொக் டொக். முதலில் பல்லி என்று நினைத்தேன், பிறகு எலி என்று நினைத்தேன். பிறகு நினைத்ததை எழுதக் கூசுகிறது. பெண்டாட்டி போன மனுஷன், இந்தப் பக்கம் தனியாக ஒரு கைம்பெண், நடு இரவில் படுக்கையறைச் சுவரில் தட்டல். வேறு என்ன நினைப்பேன்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருடமாக என்னை "தங்கச்சி" என்று கூப்பிட்ட வாய்!

ஒரு நாள் காலை, ரொட்டி விற்கிறவர் மோட்டார் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தார். நாலு வீட்டுப் பெண்கள் நின்றார்கள். பாய் வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் அடங்கவில்லை.

"வயசுக்கேத்த புத்தி வேணும் பாய்! ராத்திரில சுவத்த தட்டுற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம். மும்தாஜ் மொகத்துக்காக சும்மா இருக்கேன், இல்லன்னா நடக்குறதே வேற!"

அவர் கையில் இருந்த குழாயை அப்படியே கீழே விட்டார். தண்ணீர் அவர் காலில் கொட்டியது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். நான் வெற்றி பெற்ற மாதிரி ரொட்டி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அன்றைக்கே கட்டிலை இழுத்து, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் போட்டேன். அதற்குப் பிறகு தட்டல் இல்லை. ஆனால் இரண்டே மாதத்தில் எனக்கு என்னென்னவோ ஆனது. காலையில் எழுந்தால் தலைவலி. இரவில் நாலைந்து தடவை கழிவறைக்கு ஓட்டம். கேஸ் அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோனேன். ஜெசியிடம் போனில் கேட்டதையே கேட்டேன். தொலைபேசிக் கட்டணத்தை இரண்டு தடவை கட்டினேன். வயதாகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கடைசியில் லோங்காங்.

ஜெசி இரண்டாம் நாள் மாலை வந்து சேர்ந்தாள். பகல் முழுக்க பஸ்ஸில் வந்த அழுக்கோடு, என் தலைமாட்டில் நின்று, "ஏம்மா இப்படி பண்றீங்க?" என்றாள். அழுதுகொண்டே என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். ஐந்து வயதில் நான் அவளுக்குப் பின்னிய அதே இரட்டைப் பின்னல். வார்டே பார்த்துச் சிரித்தது, எனக்கு அந்தப் பின்னலை அவிழ்க்க மனசு வரவில்லை.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண், ஜெசியைவிடச் சின்னவள். மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள், ரத்தக் கட்டு இல்லை. இதயத் துடிப்பைப் பார்த்தார்கள், பெரிய குறை இல்லை. வலிப்பாக இருக்கலாம், அல்லது மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்றார். மறதி நோய் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஜெசியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மாமியார் அதில்தான் போனார். கடைசியில் தன் பெயரே தெரியாமல், சோற்றை எடுத்துத் தலையணைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

மறதிக்கு ஒரு சோதனை உண்டு. தாளில் கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்து என்று முள் வைக்கச் சொல்வார்கள். மனதில் நேரமும் இடமும் ஒழுங்காக இருக்கிறதா என்று அதில் தெரியுமாம். முப்பத்து மூன்று வருடம் மைக்ரோஸ்கோப்பில் சில்லு பார்த்தவளுக்குக் கடிகாரம் ஒரு பெரிய விஷயமா? வட்டம் அழகாகப் போட்டேன். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடுத்து எனக்குத் தெரிந்தது, பேனா கீழே விழுந்த சத்தம். நான்கிலேயே தூங்கிவிட்டேன். மூன்று நாள் தூங்காத உடம்பு, வலி மாத்திரை வேறு. ஆனால் ஜெசியின் முகம் செத்துப்போயிருந்தது.

அன்று மாலை வராந்தாவில் நின்று அவள் போனில் பேசியது எனக்குக் கேட்டது.

"இனிமே அம்மாவ தனியா விட முடியாதுலா. வீட்ட வித்துட வேண்டியதுதான். என் வீட்ல ஒரே ரூம், நான் காலைல நாலு மணிக்கே போயிடுறேன். யாரு பாத்துக்குவா? ஹோம் ஏதாவது இருந்தா விசாரிச்சு சொல்லு."

அவள் கெட்டவள் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அந்த வீடு போனால் நான் போன மாதிரிதான். அந்தோணி அடித்த ஆணி, அவர் ஒட்டுப் போட்ட கூரை, நாங்கள் கைமாற்றிக் கொண்ட வாசல். அதை விட்டுவிட்டு ஜொகூரில் ஏதோ ஒரு முதியோர் ஹோமில், பெயர் தெரியாத பத்துப் பேரோடு வரிசையாகப் படுத்துக்கிடக்கணுமா? எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

மறுநாள் டாக்டர் ஒரு கேள்வித்தாளோடு வந்து உட்கார்ந்தார். கடிகாரத்தில் நான் தூங்கிப்போனதைக் கேட்டபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. மலாயில்தான் பேசினோம், என்னை மாக்சிக், அதாவது பெரியம்மா, என்றுதான் கூப்பிடுவார்.

"மாக்சிக், பகல்ல இப்படி அடிக்கடி தூக்கம் வருமா?"

"வரும். எப்பவும் வரும். நான் நல்லா தூங்குறவ."

"குறட்டை விடுவீங்களா?"

"சே சே, நானா? இல்ல."

"தூங்கும்போது உங்க மூச்சு நின்னு நின்னு வர்றத யாராவது பாத்திருக்காங்களா?"

நான் யோசித்தேன். ஜெசி வேறு அறையில் வளர்ந்தவள். அந்தோணி? அவர் எனக்கு அடுத்த ஷிப்டு. முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் நான் தூங்குவதை அவர் விழித்திருந்து பார்த்ததே இல்லை, அவர் தூங்குவதை நான் விழித்திருந்து பார்த்ததே இல்லை. வேறு யார்? ஆண்டவர்தான். ஆண்டவரை எப்படி அந்தத் தாளில் எழுதுவது?

"யாரும் இல்ல டாக்டர்," என்றேன். அவர் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தோணியை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. பாலிங் அம்மா எழுந்து வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஏன் அழுகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. ஜமால் பாய். கையில் ஒரு பிளாஸ்க். பெண்கள் வார்டுக்குள் வரக் கூசி, வாசலிலேயே நின்று ஜெசியைக் கையசைத்துக் கூப்பிட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. திரும்பிப் படுத்துக்கொண்டேன். காது மட்டும் திரும்பவில்லை.

"இந்தா, இஞ்சி டீ. அம்மாவுக்கு குடு. இத வந்து டாக்டர்கிட்ட குடும்மா. அம்மாகிட்ட காட்டாத, கோவிச்சுக்குவாங்க."

"என்னா மாமா இது?"

கடைகளில் கடன் எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு, அதுதான். ஜெசி புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்மா தூங்குறப்ப மூச்சு நின்னுடுதும்மா," என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு ராத்திரில தூக்கம் கிடையாது, கட பழக்கம். சுவத்துக்கு அந்தாண்ட குறட்டை கேக்கும். திடீர்னு நின்னுடும். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். இருவது வரைக்கும் பாப்பேன். அப்பவும் மூச்சு வரலன்னா எனக்கு உசுரே போயிடும்மா, சுவத்த தட்டுவேன். உடனே 'ஹக்'குன்னு ஒரு சத்தம், மூச்சு வந்துடும். மும்தாஜும் இப்படித்தான் ஒரு ராத்திரி தூக்கத்துலயே... நான் அப்ப கல்லாவுல இருந்தேன். வந்து பாக்குறப்ப ஒடம்பு ஆறிப்போச்சு."

ஜெசி மறுபடி நோட்டைப் பிரித்தாள். பாய் தொடர்ந்தார்.

"பொறகு அம்மா கட்டில மாத்திட்டாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒன்கிட்ட போன்ல சொல்லலாம்னு நெனச்சேன். ஆனா ஒரு பொம்பளையோட குறட்டையப் பத்தி நான் எப்படிம்மா பேசுறது? ஏற்கெனவே தப்பா நெனச்சுட்டாங்க."

நான் சுவர் பக்கம் திரும்பியபடியே இருந்தேன். உடைந்த கை, விரிசல் விட்ட விலா எல்லாம் மறந்துபோயின. ரொட்டி மோட்டார் முன்னால், நாலு பெண்கள் முன்னால், அவர் காலில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது மட்டும் கண்ணுக்குள் நின்றது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

டாக்டர் அந்த நோட்டை ஒரு மருத்துவ அறிக்கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வார்டில் இருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் படித்துச் சொல்லச் சொல்ல, டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். அன்று இரவே எனக்குச் சோதனை வைத்தார்கள். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, மூக்கில் ஒரு மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று அந்தக் கிளிப் பார்க்கும். வேறு ஒன்றும் இல்லை, வலிக்காது, பயப்படாதீர்கள். தலையணைகளை எடுத்துவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். நாலு நாள் தூங்காதவள், நிமிடத்தில் தூங்கிவிட்டேன்.

காலையில் டாக்டர் படம் போட்டு விளக்கினார். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை மிதித்தால் தண்ணீர் நிற்கிற மாதிரி. மூச்சு நிற்கும், ரத்தத்தில் பிராணவாயு இறங்கும், மூளை அலறியடித்துக்கொண்டு உடம்பை எழுப்பும். ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவோம், விழித்ததே ஞாபகம் இருக்காது. எனக்கு அது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடந்திருக்கிறது. பேர் ஸ்லீப் அப்னியா. எட்டு மணி நேரம் கட்டிலில் கிடந்தாலும் தூங்காத மாதிரிதான். பகல் தூக்கம், காலைத் தலைவலி, இரவில் கழிவறை ஓட்டம், மறதி எல்லாம் அதிலிருந்து வரக்கூடியவை, ரத்த அழுத்தமும் ஏறும். குறட்டை ஆண்களுக்குத்தான் என்று நினைத்து வயதான பெண்கள் பலர் இதைச் சொல்வதே இல்லை என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மறதி நோயா டாக்டர்?" என்று ஜெசி கேட்டாள்.

"இப்பவே சொல்ல முடியாது. முதல்ல அம்மா தூங்கட்டும். மூணு மாசம் கழிச்சு மறுபடி கடிகாரம் வரையட்டும். அதுவரைக்கும் வீட்ட விக்கிறது, ஹோமுக்கு அனுப்புறது, எதையும் முடிவு பண்ணாதீங்க."

ஆக எனக்கு மூன்று மாதத் தவணை. முகமூடியோடு ஒரு சின்ன இயந்திரத்தை ஆஸ்பத்திரியே இரவலாகக் கொடுத்தது. அது மூக்கு வழியாகக் காற்றை மெல்ல அழுத்தி, தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். போட்டுக்கொண்டால் பார்க்க யானைக்குட்டி மாதிரி இருப்பேன். ஜெசி போட்டோ எடுத்தாள். அழிக்கச் சொன்னேன், அழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ரொட்டி மோட்டார் ஹாரன் அடித்தது. அதே பெண்கள் நின்றார்கள். கட்டுப் போட்ட கையோடு வேலி ஓரம் போனேன். பாய் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், என்னைக் கண்டதும் உள்ளே போகத் திரும்பினார்.

"நில்லுங்க பாய். எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னைக்கு நான் பேசுனது தப்பு. இவரு தட்டலன்னா நான் எப்பவோ போயிருப்பேன். மன்னிச்சுக்குங்க பாய்."

அவருக்கு முகமெல்லாம் கூச்சம். "வுடுங்க தங்கச்சி, வுடுங்க. ரொட்டி வாங்குங்க, அவரு போயிடப் போறாரு," என்றார்.

ஜெசியும் நானும் கட்டிலைத் தள்ளி மறுபடி சுவர் ஓரம் போட்டோம். ஒரு வாரம் இருந்துவிட்டு அவள் போனாள். வீடு மறுபடி காலியானது. அன்றைக்கு இரவு முகமூடியை மாட்டிக்கொண்டு தனியாகப் படுத்தேன். இயந்திரம் ஊதுகிற சத்தம் என் காதுக்கு மட்டும்தான் கேட்கும். குறட்டை இல்லை. எப்போது தூங்கினேனோ தெரியாது. சுவரில் ஒரே ஒரு தட்டு. மிக மெல்ல, பயந்து பயந்து.

எனக்கு விளங்கிவிட்டது. இனி தட்டவே கூடாது என்று இருந்தவர், சத்தமே இல்லாததால் பயந்துபோயிருக்கிறார். முகமூடி இருந்ததால் பேச முடியாது. கட்டுப் போட்ட கையைத் தூக்கி, மாவுக்கட்டால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தப் பக்கம் யாரோ நீளமாக மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. நான் முகமூடிக்குள்ளேயே அழுது, முகமூடியெல்லாம் ஈரமாகி, அப்படியே தூங்கிப்போனேன்.

மூன்று மாதம் கழித்துக் கடிகாரம் வரையப் போனேன். எனக்கு இன்னும் காடி ஓட்ட அனுமதி இல்லை, பாய்தான் கூட்டிக்கொண்டு போனார். வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்ணும் எழுதி, பதினொன்று பத்துக்கு முள்ளும் வைத்துவிட்டுத்தான் பேனாவைக் கீழே வைத்தேன். டாக்டர் சிரித்தார். ஜெசிக்குப் போன் போட்டு, "வீட்ட விக்காதடி," என்றேன். அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை.

கிளம்பும்போது மிஸ்ஸி பாயின் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் முதல் தடவையாக அதை என் கையில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் கையெழுத்து, வரிசை வரிசையாக நேரம். 1.10, 2.40, 3.25, 4.50. அடுத்த நாள் 12.45, 2.15, 3.30, 5.00. நான் கட்டிலை மாற்றிய பிறகும் நேரம் நிற்கவில்லை. 1.20, ஒன்றும் கேட்கவில்லை. 3.05, ஒன்றும் கேட்கவில்லை. 4.40, ஒன்றும் கேட்கவில்லை. பக்கம் பக்கமாக அதுதான்.

குறை கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தவள் நான். மூன்று மாதமாக எல்லோரும் அந்த நோட்டில் என் மூச்சைத்தான் பார்த்திருக்கிறோம். எழுதினவர் அந்த நேரத்திலெல்லாம் விழித்துக்கொண்டு, காலியான வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது நான் முகமூடி போட்டு நன்றாகத் தூங்குகிறேன். அவர் கேட்பதற்கு என் குறட்டைகூட இல்லை.

பாய் வெளியே நீல நாற்காலியில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். நான் பதிவு முகப்புக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் இன்னொரு தூக்கக் கேள்வித்தாள் கேட்டேன்.

"யாருக்கு மாக்சிக்?"

"அந்தா, தொப்பி போட்டிருக்காரே, அவருக்கு. தூக்கம் கிடையாது, ஒரு வருசமாச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல," என்றேன், நோட்டை அவள் முன்னால் வைத்து. "அவரே எழுதி வச்சிருக்காரு. சாட்சிக்கு என் பேர போட்டுக்குங்க."